அக்கா முடிந்த நூல்கள்

காலை ஐந்து நாற்பது. கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது அக்காவின் மூக்குக்கண்ணாடி. இரவு கழற்றி மேசையில் வைத்ததை எப்போதோ இடக்கையால் எடுத்து மாட்டியிருந்தார். கண்கள் மூடியிருந்தன. நெற்றியைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. இன்றோடு ஓராண்டு.

அக்கா பிறந்தது தாடிக்கொம்புக்குப் பக்கத்தில், குடகனாற்றங்கரையில். நால்வரில் மூத்தவர். அவருடைய பதினாறாம் வயதில் எங்கள் தாயார் இறந்தார். எனக்கு அப்போது நான்கு. அதன்பின் எனக்குத் தலை வாரியதும், சிலேட்டில் எழுதப் பழக்கியதும், குருத்தோலை ஞாயிறுக்குச் சட்டை தைத்துப் போட்டதும் அக்காதான். ஆசிரியப் பயிற்சி முடித்துச் சின்னாளபட்டியில் பள்ளி ஆசிரியையானார். திண்டுக்கல்லிலிருந்து தினமும் பேருந்து. ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை, ஒருநாளும் உட்கார இடம் கிடைத்ததில்லை என்பார். மணம் செய்துகொள்ளவில்லை.

சனிக்கிழமைப் பிற்பகல்களில் அந்தப் பள்ளியின் வகுப்பறை ஒன்றில் பெண்கள் மரபுச் சங்கம் கூடியது. அக்கா அதன் செயலாளர். வயதான பெண்களைத் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே சொல்ல வைத்து ஒலிநாடாவில் பதிவுசெய்வதுதான் சங்கத்தின் வேலை. நாடாக்கள் எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் பேசியவரின் பெயரும் ஊரும், அக்காவின் குண்டு எழுத்தில்.

நான் செய்தித்தாளில் உதவி ஆசிரியராக இருந்தவன். ஞாயிறு இணைப்புக்காக ஒன்றிரண்டைக் கேட்டுப் பார்க்கலாமா என்று ஒருமுறை கேட்டேன்.

"ஏலே, பேப்பர்காரன் காதுக்கு மூடி கெடையாது. போய்க் காப்பியக் குடி, ஆறுது" என்றார்.

இறப்பதற்கு ஏழு மாதம் முன்பு பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் செயலிழந்தது, பேச்சும் போனது. ஒரே ஒரு சொல் மிஞ்சியது: "இருக்கட்டும்." எதைக் கேட்டாலும் அதுதான். வைத்திரு என்றும் கொள்ளலாம், வேண்டாம் என்றும் கொள்ளலாம்.

அவர் மருத்துவமனையில் இருந்த வாரத்தில் நான் அலமாரியைத் திறந்தேன். நாடாக்களில் பூஞ்சை பிடித்திருந்தது. கணினியில் நகலெடுத்துவிட முடிவு செய்தேன். ஒவ்வொரு நாடாவின் இரு துளைகளிலும் தறி நூலைக் கோத்து முடிந்திருந்தார் அக்கா. சிலவற்றில் வெள்ளை, சிலவற்றில் சிவப்பு. நாடா தளராமலிருக்கக் கட்டியது, கையில் கிடைத்த நூலைக் கட்டியிருப்பார் என்று நினைத்தேன். கத்தரிக்கோலை எடுத்து எல்லாவற்றையும் வெட்டினேன். ஒரு மணி நேர வேலை.

அக்கா வீடு திரும்பிய அன்று, சங்கத்தின் பொருளாளரான அம்மையார் சின்னாளபட்டியிலிருந்து பார்க்க வந்தார். நெசவு வீட்டுக்காரர். மேசையிலிருந்த நாடாக்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"நூலு எங்க தம்பி?"

"வெட்டிட்டேன்."

"அம்புட்டையுமா?"

"ஆமா."

"வெள்ளைன்னா ஊரே கேக்கலாம். செவப்புன்னா யாரும் கேக்கக் கூடாது, பெத்த பிள்ளையா இருந்தாலும். அப்பிடிச் சத்தியம் பண்ணித்தான அவகளப் பேச வச்சோம்."

"எது எதுல செவப்பு?"

"பேசி முடிச்சுட்டு ஒங்கக்கா காதுல சொல்லிட்டுப் போவாக. நூலு கொண்டாந்து குடுக்குறதோட என் வேல சரி. இம்புட்டுப் படிச்சவுக, ஒரு வார்த்த கேட்டுட்டு வெட்டக் கூடாதா?"

நாடாவைப் போட்டுக் கேட்டுப் பிரிக்க முடியாது. கேட்கக் கூடாது என்பதுதான் கொடுத்த வாக்கு. பேசியவர்கள் எல்லோரும் காலமாகிவிட்டார்கள். பிள்ளைகளிடம் விசாரிக்கலாமென்றால், சிலர் மறைக்கச் சொன்னதே பிள்ளைகளிடமிருந்துதான்.

அக்காவிடமே கேட்டேன். ஒரு நாடாவையும் இரண்டு நிற நூலையும் அவர் முன் நீட்டினேன்.

"வெள்ளையாக்கா, செவப்பாக்கா?"

"இருக்கட்டும்."

அடுத்ததற்கும் அதே சொல். நான்காவது நாடாவில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நூலை வெட்டியது நான்தான் என்று சொன்னேன். இடக்கையால் என் கன்னத்தைத் தொட்டு, "இருக்கட்டும்" என்றார். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கு ஆசை. அன்று காலை கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளியபோதும் அதே குரலில்தான் சொன்னார்.

அடுத்த மாதம், வடமதுரையில் வளையல் கடை வைத்திருக்கும் அக்காவின் பழைய மாணவி ஒருவர் வந்தார். அவருடைய தாயார் பேசிய நாடா எங்களிடம் இருந்தது.

"எங்கம்மா போட்டோ இருக்கு சார். கொரலு இல்ல. ஒரே ஒரு தடவ கேட்டுட்டுப் போயிர்றேன்" என்றவர், கட்டிலருகே குனிந்தார். "டீச்சர், அம்மா பேசுனத நான் கேக்கட்டுமா?"

"இருக்கட்டும்."

"சரின்னுட்டாங்க சார்!"

அக்காவைக் கவனித்துக்கொண்ட பெண்மணி துணி மடித்தபடியே சொன்னார்: "ஃபேனப் போடவான்னாலும் அதான் சொல்லுவாக, அமத்தவான்னாலும் அதான் சொல்லுவாக."

வந்தவர் நாடாவைக் கையில் வாங்கினார். தாயின் பெயரை இரண்டு முறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அக்காவின் அடக்கத்துக்குப் பிறகு, கணினிக் கடைக்காரர் ஒருவரை வைத்து நகலெடுத்தோம், ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு. பதினொரு நாள் ஆனது. நான் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குரலுக்கேற்பப் பச்சைக் கோடுகள் எழுந்தன, தாழ்ந்தன. வடமதுரை நாடாவில் ஓரிடத்தில் கோடு நெடுநேரம் அசையாமல் கிடந்து, பிறகு எழுந்தது.

வளையல் கடைக்காரர் சென்ற மாதமும் வந்தார். "இருக்கட்டும்மா" என்றேன்.

ஏழு மாதம் அக்காவைக் குளிப்பாட்டி உணவூட்டிய பெண்மணிக்கும், பதினொரு நாளும் ஒலியைத் திறக்காமல் நகலெடுத்துத் தந்த கணினிக் கடைக்காரருக்கும், இறுதித் திருப்பலியில் வெயிலில் நின்ற பங்கு மக்களுக்கும், பெட்டியைத் தூக்கிய பழைய மாணவியருக்கும், இன்றும் என்னோடு பேசுகிற பொருளாளர் அம்மையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தாயின் குரலைத் தேடி வந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாடாக்கள் நாற்பத்தொன்று. வெட்டிய நூல்களை ஒரு தாள் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். வெள்ளை இருபத்திரண்டு, சிவப்பு பத்தொன்பது.