காலையில் மாட்டுக்குப் போகிறவர்

பலெர்மோவில் மழை பெய்தால் தெருவெல்லாம் தண்ணீர் ஓடும், ஆனால் காலில் ஒட்டுகிற சேறு கிடையாது. அப்படியிருந்தும் போர்கோ வெக்கியோ சந்தைக்கு மேலே, நான்காம் மாடி வீடொன்றின் கதவோரத்தில் முழங்கால் உயரப் பச்சை ரப்பர் பூட்ஸ் ஒரு சோடி சில வருடங்கள் நின்றது. அடியில் கறுப்புச் சேறு காய்ந்து வெடித்திருந்தது. அதை யாரும் கழுவக் கூடாது என்பது வீட்டுக்காரச் சின்யோராவின் கட்டளை. இரவில் அவரைப் பார்த்துக்கொண்ட மன்னார் அக்கா, காலையில் நான் வேலைக்கு ஏறும்போதெல்லாம் ஒரே பாட்டைப் பாடுவார். "தம்பி, உந்தச் சனியனை ஒரு நாளைக்குக் குப்பைக்கை எறியிறன் பாரும். நிலத்தைத் துடைச்சுத் துடைச்சு என்ரை இடுப்புப் போச்சு." எறியவில்லை. பூட்ஸைத் தூக்கி, கீழே துடைத்து, அதே இடத்தில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

சின்யோரா ஜெர்மனியில் பிறந்தவர். சிசிலியரான கணவர் எப்போதோ காலமாகிவிட்டார். ஒரே மகன் நகரத்தின் மறுபக்கத்தில் குடும்பத்தோடு இருந்தார். வயது போகப் போக அவர் நாவிலிருந்து இத்தாலிய மொழி கழன்று, பிறந்த மொழி மட்டும் மிஞ்சியது. என்னை வேலைக்கு எடுத்த காரணம் அதுதான். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஜெர்மனியில் அகதி விண்ணப்பத்தோடு சில வருடம் தட்டுக் கழுவி, தோட்டங்களில் கூலிக்கு நின்று, விண்ணப்பம் நிராகரிக்கப்பட, பிரான்சு, மிலான் என்று அலைந்து இங்கே இறங்கினேன். அந்த வருடங்கள் வீணாய்ப் போயின என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவைதான் எனக்குப் பலெர்மோவில் சோறு போட்டன. சின்யோராவின் ஜெர்மன் என் காதில் விழும்போதே எங்கள் தமிழாகிவிடும். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

சமையலறை மேசையில் போஞ்சிக்காய்க்கு நார் உரித்தபடி அவர் தன் குடும்பப் பண்ணையைப் பற்றிக் கதைப்பார். அது வட ஜெர்மனியில், கடலுக்குக் கிட்ட, வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தெடுத்த நிலம். அங்கே பண்ணைக்கு ஒரு பெயர் உண்டு. யார் குடியிருக்கிறாரோ அவரை ஊரார் அந்தப் பெயராலேயே அழைப்பார்கள்; கடதாசியில் உள்ள பெயர் தபால்காரருக்கு மட்டும். பண்ணையைப் பிரிக்கவும் மாட்டார்கள். அவருடைய ஊரில் அது கடைசிப் பிள்ளைக்கு முழுதாகப் போகும், மற்றப் பிள்ளைகள் வெளிக்கிட வேண்டும். சின்யோரா மூத்தவர். ஒரு பெட்டி நிறையப் படுக்கை விரிப்பையும் ரயில் டிக்கெட்டையும் கொடுத்து அனுப்பினார்கள். பலெர்மோவுக்குக் கிட்ட, பகேரியாவில் ஒரு பெரிய வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலைக்குத்தான் அவர் முதலில் வந்தார். "நானும் உம்மைப் போலத்தான் வந்தனான். உம்மை விட மோசமா இத்தாலியன் கதைச்சுக்கொண்டு."

எனக்கு இந்த வழக்கம் விசித்திரமாகப் பட்டது. எங்கள் பக்கத்தில் காணி என்றால் பங்கு. பிரிந்து பிரிந்து என் பேரில் இப்போது இருப்பது ஒரு துண்டு நிலமும் ஒரு கிணற்றில் எட்டில் ஒரு பங்கும். இதைச் சொன்னபோது சின்யோரா நார் உரிப்பதை நிறுத்திவிட்டார்.

"கிணத்திலை எட்டிலை ஒண்டோ? அப்ப வாளியைக் கொஞ்சமாத்தான் இறக்குவீரோ?"

முறை வைத்து இறைப்பது என்று விளக்கினேன்.

"நல்ல முறைதான். அப்ப உங்களிலை ஒருத்தரும் வெளிக்கிடத் தேவையில்லை."

"எல்லாருமெல்லோ வெளிக்கிட்டம்" என்றேன். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

பண்ணையின் கதையை அவர் ஒரே ஒழுங்கில்தான் சொல்லுவார். வாய்க்கால் வெட்டிய முதல் ஆள் குதிரை உதைத்து இறந்துபோனார். அவருடைய இளம் மனைவி மாடு பார்த்த வேலைக்காரனையே கலியாணம் கட்டினார். அடுத்த ஞாயிறே ஊரார் அந்த மாட்டுக்காரனைப் பண்ணைப் பெயரால் கூப்பிட்டார்கள். அவர்களுடைய மகனுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் மனைவியின் சகோதரன் மகளைக் கூட்டிவந்து வளர்த்தார்கள். களஞ்சியத்தின் கூரை திருத்த வந்த தச்சன் அவளைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். அந்தத் தச்சனின் மகன்கள் போரில் செத்தார்கள். மிஞ்சிய மகளைக் கட்டியவர், போர் முடிந்த கையோடு கிழக்கிலிருந்து தள்ளுவண்டியோடு அகதியாக வந்து, மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்து அறையில் ஒதுங்கிய ஒருவர். அவர்தான் சின்யோராவின் தகப்பன். பிறகு சின்யோராவின் தம்பி. தம்பி கலியாணம் கட்டாமலே இறந்துபோக, வெளியே அனுப்பப்பட்ட அக்காவிடமே பண்ணை திரும்பி வந்தது. செத்தவீட்டுக்குப் போனவர் அங்கே பின்கதவில் நின்ற பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஒரு காலை மாட்டுக்குப் போனார். அதைக் கழுவாமல் பையில் சுற்றி விமானத்தில் கொண்டுவந்தும்விட்டார்.

மகன் கெட்டவர் அல்ல. சின்ன வயதில் ஒரு கோடை விடுமுறையை அந்தப் பண்ணையில் கழித்தவர், அதை மறக்காதவர். "தலைமுறை தலைமுறையாக எங்கள் இரத்தம் இருந்த இடம், வேறு ஆளுக்குப் போகக் கூடாது" என்பார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, வீட்டை ஓகஸ்ட் மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை. சின்யோராவின் யோசனை வேறு. பால் கறக்கிற வேலைக்கு வந்து, தம்பியோடு பண்ணையை நடத்தி, அவர் போன பிறகும் தனியாக நின்று நடத்திய போலந்துக்காரி ஒருத்தி அங்கே இருந்தார். பண்ணை பிரியாமல் அவர் கைக்குப் போக வேண்டும். அதற்கு அவகாசம் குறைவாக இருந்தது. சில நாட்களில் சின்யோரா என்னைத் தம்பியின் பெயரால் கூப்பிட்டு, கன்றுக் கொட்டிலின் படலையைச் சாத்தினாயா என்று கேட்கத் தொடங்கிவிட்டார். அவர் தெளிவு போய்விட்டால் ஒப்பத்துக்கு மதிப்பில்லை. பண்ணை பிறகு மகனிடம் போகும், போலந்துக்காரி வெளியே போக வேண்டியதுதான்.

"உமக்கேன் தம்பி இந்த யோசனை?" என்று மன்னார் அக்கா கேட்டார். "ஊரிலை எட்டிலை ஒரு கிணறு வைச்சிருக்கிற ஆள், ஜெர்மன்காரியின்ரை காணிக்கு நித்திரை முழிக்கிறார்!" சொல்லிவிட்டு அன்று மாலையே சின்யோராவுக்காகத் தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தார்.

கடைசியில் ஜெர்மன் தெரிந்த, பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு ஒருவரை மகனே கூட்டி வந்தார். ஜெர்மனியில் கைமாற்றம் எழுதுவதற்கு, தனக்காக அங்கே ஒருவர் ஒப்பமிடலாம் என்று சின்யோரா இங்கே அற்றோணித் தத்துவம் கொடுக்க வேண்டும். தாய் தெளிவாக இருக்கிறாரா என்பதை நொத்தாரிசே பார்த்துச் சொல்லட்டும் என்பது மகனின் எண்ணம். நியாயமான எண்ணம்தான். நான் சின்யோராவுக்கு நீலச் சட்டை போட்டுத் தலை வாரிவிட்டேன். நொத்தாரிசு கிழமை கேட்டார், மகனின் பெயர் கேட்டார், எல்லாம் சரியாக வந்தது. பிறகு கேட்டார், "பண்ணை யாருடையது?"

சின்யோரா யோசித்தார். "விடியக் காலமை மாட்டுக்குப் போறவையின்ரை."

நொத்தாரிசு பேனையைக் கீழே வைத்தார். மகன் என்னைப் பார்த்தார். அவருக்கு ஜெர்மன் அரைகுறை, ஆனால் இது விளங்கிவிட்டது. "பாவம் மம்மா, தன்னுடையதென்றே தெரியவில்லை" என்று மெல்லச் சொன்னார்.

"எனக்குத் தெரியும்" என்று சின்யோரா அவர் பக்கம் திரும்பினார். "இரத்தம், இரத்தம் எண்டு சொல்லுறியே, அது ஆரின்ரை இரத்தம்? மாட்டுக்காரன்ரையோ? கூரை திருத்த வந்த தச்சன்ரையோ? தள்ளுவண்டியோடை வந்த என்ரை அப்பற்றையோ? வந்து நிண்டு மாடு பாத்தவைக்குத்தான் அது எப்பவும் போனது. இப்பவும் ஒருத்தி நிக்கிறாள்."

மகனுக்கு நான் அதை இத்தாலியனில் சொன்னேன். நொத்தாரிசு கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "அப்படியானால் உங்களுக்கு என்ன?"

"கதவடியிலை என்ரை பூட்ஸுக்கு இடம். வருசத்துக்கு ஒரு மூட்டை உருளைக்கிழங்கு. நான் சாகுமட்டும்."

பண்ணையைக் கைமாற்றுகிற முதியவர் இப்படித் தனக்கென்று ஒன்றைக் கேட்டு எழுதுவிப்பதற்கு ஜெர்மனில் ஒரு சொல் இருக்கிறது. நொத்தாரிசு அதைச் சொல்லிச் சிரித்தார். மகன் அதற்குக் கிட்டவான இத்தாலியச் சொல்லைச் சொன்னார். எங்கள் காணி உறுதிகளில் சீவிய உரித்து என்று எழுதுவோம் என்று நானும் என் பங்கைப் போட்டேன். பிறகு மகன் தன் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, மூடியைக் கழற்றித் தாயிடம் நீட்டினார்.

பூட்ஸைக் கொண்டுபோனவன் நான். ஓரிடத்தில் இருக்கச் சொன்னால்தான் எனக்குக் கஷ்டம். போகச் சொன்னால் சந்தோஷம். கபோ சந்தையில் வாங்கிய பெரிய பையொன்றில் அதைப் போட்டுக்கொண்டு ரயில் மாறி மாறி வடக்கே ஏறினேன். ஒரு காலம் என்னை வெளியே போகச் சொன்ன நாட்டுக்குள் ஒரு சோடி பூட்ஸோடு திரும்பிப் போனேன், யாரும் மறிக்கவில்லை. போலந்துக்காரி உயரமான, அதிகம் பேசாத பெண். எனக்குச் சூப் தந்து, தம்பி படுத்த அறையில் படுக்கவைத்தார். பின்கதவடியில் வரிசையாக நின்ற பூட்ஸுகளை ஒதுக்கி, சின்யோராவின் சோடியைச் சுவரோரமாக வைத்தேன்.

விடிந்தபோது கடும் மழை. நான் கோப்பி குடித்துக்கொண்டிருக்க, அவர் பின்கதவுக்கு வந்து, பார்க்காமலே காலை விட்டு, கைக்குக் கிட்ட நின்ற சோடியைப் போட்டுக்கொண்டு கொட்டிலுக்கு நடந்தார். சின்யோராவின் சோடி. பலெர்மோவில் துடைத்துத் துடைத்துக் காத்த சேறு அங்கேயுள்ள சேற்றோடு கலந்து போய்விட்டது. சொல்லத்தான் வேண்டும் என்று பட்டது. மன்னார் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, சின்யோராவின் காதில் வைக்கச் சொன்னேன்.

"சின்யோரா, அவ உங்கடை பூட்ஸைப் போட்டுக்கொண்டு போயிட்டா."

"மாட்டுக்கோ?"

"ஓம், மாட்டுக்குத்தான்."

"அப்ப சரி" என்றார்.

போன மாரியில் சின்யோரா காலமானார். வீட்டை மகன் ஒரு இளம் தம்பதிக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறார். மன்னார் அக்காதான் அங்கே துப்புரவு வேலை செய்கிறார். சந்தையில் காணும்போது இப்போதும் முறைப்பாடுதான். கதவோரத் தரைக்கல்லில் இரண்டு அடித்தடம் பதிந்து கிடக்கிறதாம், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாதாம், அதன்மேல் அவர்கள் குடை வைக்கிற வாளியொன்றை வைத்துவிட்டார்களாம். "விடுங்கோ அக்கா, கிடக்கட்டும்" என்கிறேன். நாங்கள் மரக்கறி விலை கதைத்துக்கொண்டு நிற்கிற அந்தக் காலையிலும், வடக்கே ஒரு பின்கதவு திறந்து அந்தப் பூட்ஸ் மாட்டுக்குப் போயிருக்கும்.