வந்து பார்த்தவர்கள்

எங்கள் ஊரில் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண் பார்க்க வருவதாகச் சொல்வதில்லை. திருத்தணியில் மலைக்கோயில் இருக்கிறதே, சாமி பார்க்க வருவதாகத்தான் சொல்வார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேனில் மலைக்கு வந்து இறங்குவார்கள். நாங்கள் ஆட்டோவில் போய் இறங்குவோம். தரிசனம் முடித்து மண்டபத்தில் உட்காரும்போது, அட நீங்களும் வந்திருக்கீங்களா என்று இரண்டு குடும்பமும் ஒரே நேரத்தில் ஆச்சரியப்படும். அந்த ஆச்சரியத்துக்கு முதல் நாளே போனில் நேரம் குறித்திருப்பார்கள். தொன்னையில் சர்க்கரைப் பொங்கலை வைத்துக்கொண்டு, தூணைப் பார்ப்பதுபோல என்னைப் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் பிறகு வீட்டுக்கு வருவார்கள். பிடிக்கவில்லை என்றால் யாரும் யாரையும் வேண்டாம் என்று சொன்னதாக ஆகாது. அவர்கள் சாமி பார்த்துவிட்டுப் போனார்கள், நாங்களும் சாமி பார்த்தோம், அவ்வளவுதான்.

நல்ல ஏற்பாடு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஒரே பட்டுப் புடவையில் ஒரே மண்டபத்தில் திரும்பத் திரும்ப ஆச்சரியப்படுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. மலை மேல் பூ விற்கிற அம்மா என்னைப் பார்த்ததும், இன்னிக்கு எந்த ஊர்க்காரங்க என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். கேலியாகக் கேட்டாளா அக்கறையாகக் கேட்டாளா என்று தெரியாது. எனக்கு அப்படியே படியில் உருண்டு ஊருக்கே போய்விடலாம் போலிருக்கும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் நான் ஸ்டேஷன் ரோட்டுப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நைனாவுக்குத் திருவாலங்காட்டுப் பக்கம் சர்க்கரை ஆலையில் வேலை. நாங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம், ஆந்திரா எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற பாதிப் பேர் அப்படித்தான். அக்கா கல்யாணமாகிப் பொதட்டூர்பேட்டையில் இருந்தாள். அவள் வீட்டுக்காரர், எங்கள் பாவா, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனி ஆபீசில் இருந்தார். எனக்கு வரன் தேடும் பொறுப்பை அவராகவே தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் கொண்டுவந்த ஆர்.கே.பேட்டை வரனைத்தான் இங்கே சொல்ல வேண்டும். பையன் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. வழக்கம்போல மலையில் ஆச்சரியப்பட்டோம். பையன் இரண்டு தடவை என்னைப் பார்த்தான், நானும் ஒரு தடவை பார்த்தேன். செருப்பு விட்ட இடத்தில், என் செருப்பைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டுச் சிரித்தான். எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. இதை அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை, இப்போது எழுதும்போதுகூடக் காது சூடாகிறது.

கலந்து பேசிச் சொல்கிறோம் என்று சொல்லிப் போனவர்கள் பதிலே சொல்லி அனுப்பவில்லை. வாரங்கள் போயின. பெண் வீட்டார் வாய்விட்டுக் கேட்க முடியாது, கேட்டால் நாம் தவிக்கிறோம் என்று தெரிந்துவிடும். அந்த இடம் முடிந்துவிட வேண்டும் என்று நைனாவுக்கு இருந்த தவிப்பு எனக்குத் தெரியும். எனக்கு இருந்த தவிப்பு அவருக்குத் தெரியாது. நாங்கள் இருவரும் வீட்டில் அதைப் பற்றிப் பேசாமல் நடமாடிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் பாவா இன்டர்நெட்டில் சிநேகிதம் பிடிக்கிற அந்தத் தளத்தைக் கண்டுபிடித்தார். இன்று அது மூடப்பட்டுவிட்டது, பெயரைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தக் காலத்தில் காலேஜ் படித்தவர்கள், வேலைக்குப் போனவர்கள் எல்லோரும் அதில்தான் இருந்தார்கள். பெங்களூர்ப் பையனும் இருந்தான். அவனைப் பார்க்க வேண்டுமானால் நமக்கும் ஒரு கணக்கு வேண்டும் என்பதால், பாவா என் பெயரில் ஒன்றைத் திறந்தார். ஜாதகத்தோடு கொடுத்தனுப்புகிற ஸ்டூடியோ போட்டோவை ஸ்கேன் செய்து அதில் போட்டார். பின்னால் அருவி விழுகிற திரை, பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. மற்றப் பெண்கள் எல்லாம் பூனைக்குட்டி படமோ ரோஜாப்பூ படமோ போட்டிருந்த இடத்தில் நான் மட்டும் கல்யாணத்துக்குத் தயாராக நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சென்டருக்கு விடுமுறை, சாவி என்னிடம் இருக்கும். நைனா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார். அம்மா தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வருவாள். யார் வீட்டுக்கோ போகிறமாதிரிதான். நான் அந்தப் பையனின் பக்கத்தைத் திறந்து வைப்பேன், அவர்கள் இருவரும் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து பார்ப்பார்கள். சிநேகிதர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் புகழ்ந்து எழுதுகிற பகுதி ஒன்று அதில் உண்டு. நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல, நைனா அதை நன்னடத்தைச் சான்றிதழாகவே எடுத்துக்கொண்டார். கூட வேலை செய்கிறவர்களே இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றால் பையன் தங்கம்தான் என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்குச் சான்றிதழில் அக்கறை இல்லை. கூட்டமாக எடுத்த போட்டோக்களில் அவன் பக்கத்தில் நிற்கிற பெண்கள் யார் யார் என்பதுதான் அவளுக்கு வேண்டும். ஒரு பெண் அவன் தோளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள் என்பதற்காக அன்று முழுக்க அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை எடுப்பதற்கு முன்னால் விசாரிப்பது எல்லாக் குடும்பத்திலும் உள்ளதுதான். அவர்கள் தெரு டீக்கடையில் விசாரிப்போம், வேலை செய்கிற இடத்தில் ஆள் விட்டு விசாரிப்போம். இதுவும் அப்படித்தான் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். டீக்கடைக்காரராவது போய்ச் சொல்லிவிடுவார் என்ற பயம் உண்டு, கம்ப்யூட்டர் யாரிடம் போய்ச் சொல்லப்போகிறது என்று நைனா சொன்னார். நானும் ஆமாம் என்றேன். கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறவள் நான்.

வாரத்தில் ஒரு நாள் குடும்பத்தோடு பார்த்தது எல்லாம் கணக்கிலேயே சேராது. மற்ற நாட்களில் சாப்பாட்டு இடைவேளையில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு நான் தனியாகப் பார்த்தேன். அதில் ஒருவருக்கு ஒருவர் எழுதுகிற ஸ்க்ராப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். வாசலில் நின்று கத்திப் பேசுகிறமாதிரி எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு ஜுரம் வந்தது எனக்குத் தெரியும். ரூம் மாறியது தெரியும். ரசம் வைக்கத் தெரியாமல் வைத்துக் கொட்டியது தெரியும். கல்யாணமாகிப் போனதும் அவனுக்கு முதலில் ரசம்தான் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தேன் என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஒரு நாள் தளத்தில் ஏதோ மாற்றம் செய்திருந்தார்கள். அவர்கள் அடிக்கடி எதையாவது மாற்றுவார்கள், நாங்கள் இரண்டு நாள் திட்டிவிட்டுப் பழகிக்கொள்வோம். என் பக்கத்தில் புதிதாக ஒரு ஓரத்தில் இரண்டு மூன்று முகங்கள் தெரிந்தன. பாவா முகமும் சென்டரில் கூட வேலை செய்கிற பெண்ணின் முகமும் இருந்ததால், சிநேகிதர்கள் பட்டியலை அங்கேயும் போட்டிருக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். என்னை யார் வந்து பார்க்கப் போகிறார்கள்.

கொஞ்ச நாள் கழித்து அந்த சென்டர்ப் பெண்தான் சாதாரணமாகச் சொன்னாள், "நேத்து என் பக்கத்துக்கு வந்துட்டு ஒண்ணும் எழுதாம போயிட்டீங்களேக்கா." உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவள் அந்த ஓரத்து முகங்களைக் காட்டினாள். நம்மை வந்து பார்த்தவர்கள் யார் என்று அதில் வரும் என்றாள். எல்லோருக்கும் வருமா என்றேன். எல்லோருக்கும்தான் என்றாள்.

அப்புறம் அன்று வகுப்பில் என்ன பாடம் எடுத்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அருவித் திரையும் பட்டுப் புடவையும் தலை நிறையப் பூவுமாக நான் அவன் பக்கத்தின் ஓரத்தில் தினமும் நின்றிருக்கிறேன். நேற்று நின்று, இன்றும் நின்று, ஞாயிற்றுக்கிழமை நைனா அம்மாவோடும் நின்றிருக்கிறேன்.  இனிமேல் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

ஆனால் அவன் கவனித்தானா இல்லையா என்று தெரிய வேண்டுமே. அது தெரிய வேண்டுமானால் அவன் பக்கத்துக்குப் போயாக வேண்டும். போனால் இன்னொரு தடவை அங்கே நிற்பேன். மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு நான்காம் நாள் போனேன்.

அவனுடைய சிநேகிதன் ஒருவன் ஸ்க்ராப் எழுதியிருந்தான். "மச்சி, யாருடா அது பட்டுப் புடவை, டெய்லி உன் வாசல்ல வந்து நிக்குது?" என்று கேட்டிருந்தான். பதில் அங்கே இல்லை. அந்தத் தளத்தில் கேள்வி ஒருவர் பக்கத்தில் இருக்கும், பதில் மற்றவர் பக்கத்தில் இருக்கும். ஆகவே முன்பின் தெரியாத அந்தச் சிநேகிதனின் பக்கத்துக்கும் போய் நின்றேன். பெங்களூர்ப் பையன் அங்கே பதில் எழுதியிருந்தான்.

"தெரியல மச்சி. ஏதோ ஊர்ப் பொண்ணு. விடு."

பத்துப் பெண்களைப் பார்த்தவனுக்கு முகம் ஞாபகம் இல்லாமல் போயிருக்கலாம். ஞாபகம் இருந்தும் சிநேகிதனிடம் சொல்ல வெட்கப்பட்டிருக்கலாம். எனக்காகக்கூட அப்படி எழுதியிருக்கலாம் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். எந்தச் சமாதானமும் ஒட்டவில்லை. நான் அவனுக்கு ரசம் வைத்துக்கொண்டிருந்தேன், அவனுக்கு நான் யாரென்றே தெரியவில்லை.

நாம் வந்து போனதைக் காட்டாமல் இருக்கத் தளத்தில் ஒரு செட்டிங் இருந்தது. அதை மாற்றினால் நம்மைப் பார்க்க வருகிறவர்களும் நமக்குத் தெரிய மாட்டார்கள். மாற்றிவிட்டேன். நைனாவிடமும் அம்மாவிடமும், புது மாற்றத்தால் நாம் போவது அவர்களுக்குத் தெரிந்துவிடும், இனிமேல் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். நைனா திடுக்கிட்டுப் போனார். நாம வாரத்துக்கு ஒரு வாட்டிதானே போனோம் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆமாம் என்றேன். சென்டருக்குக் கிளம்பப் போட்டிருந்த சலவைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

இதெல்லாம் நடந்து ஒரு மாதம் இருக்கும். நைனா ஆலையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். பாவா போன் செய்தார். நைனாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், போனில் சத்தத்தைக் கூட்டித்தான் வைத்திருப்பார், பக்கத்தில் நின்றால் எல்லாம் கேட்கும். ஆர்.கே.பேட்டைக்காரர்கள் சம்மதம் சொல்லி அனுப்பியிருக்கிறார்களாம். நைனாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பாவா சந்தோஷம் தாங்காமல் காரணத்தையும் சொன்னார்.

"பொண்ணு தினிக்கும் பையனை வந்து பாத்துட்டுப் போயிகினு கீதாம் மாமா. ஜாதகத்தோட குடுத்த அதே போட்டோவை அதுல பாத்துட்டு பையன் வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்சி போச்சி. இவ்ளோ ஆசையா கீற பொண்ணை வேணான்னு சொன்னா பாவம்னு அவங்கம்மாவே ஒத்துகினாங்களாம்."

"தினிக்குமா?" என்றார் நைனா.

கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் குழம்புக் கரண்டியோடு நின்றிருந்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்குப் புரிந்தது. பெற்ற அப்பாவுக்கு முன்னால் அப்படி ஒரு நிலைமையில் எந்தப் பெண்ணும் நிற்கக் கூடாது. அவர் போனைக் கையால் மூடிக்கொண்டார்.

"உனக்கு இஷ்டமாம்மா?"

ஆங் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கல்யாணம் முடிந்திருக்கும். அந்த நிமிடத்திலும் எனக்கு அவனைப் பிடித்துத்தான் இருந்தது, அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது. "என்னை யாருன்னே தெரியலன்னு எழுதிகீறான் நைனா" என்றேன். எங்கே எழுதினான், நீ எப்போது படித்தாய் என்று அவர் கேட்கவில்லை. கையைப் போனிலிருந்து எடுத்தார்.

"மாப்ள, தினிக்கும் பாத்தது பொண்ணு இல்ல, நாந்தான். அவ பேரைப் போட்டு நாந்தான் பாத்துகினு இருந்தேன். பாத்த வரிக்கும் எனக்குப் பையனைப் புடிக்கல. அப்டியே சொல்லிடுங்க."

நைனாவுக்குத் தானாகக் கம்ப்யூட்டரைத் திறக்கக்கூடத் தெரியாது. அது பாவாவுக்கும் தெரியும்.  ஆனாலும், சரிங்க மாமா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பாவா அப்படியே போய்ச் சொன்னார். ஆர்.கே.பேட்டையில் கேட்டவர்கள் விடுவார்களா, சொந்தக்காரர்கள் மத்தியில் அது பரவிவிட்டது. மகள் பெயரில் கம்ப்யூட்டரில் போய்ப் பையன்களை எட்டிப் பார்த்த மனுஷன் என்று எந்த விசேஷத்திலும் நைனாவைக் கிண்டல் செய்ய ஒருவர் இருந்தார். இரண்டு வருடம் கழித்து வேறொரு இடத்தில் என் கல்யாணம் நடந்தது. அந்தப் பந்தியிலும் யாரோ என் வீட்டுக்காரர் காதுபட, இந்த மாப்பிள்ளையையும் கம்ப்யூட்டரில் பார்த்துத்தான் பிடித்தீர்களா என்று கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தபடி, "ஆங், நாந்தான் பாத்தேன்" என்றார். பக்கத்து இலையில்தான் நான் உட்கார்ந்திருந்தேன், அதைச் சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.