முனை உள்ள காசுகள்

அந்தக் கையை நான் முதன்முதலாக நன்றாகப் பார்த்தது அது அசையாமல் போன பிறகுதான். எவர்சில்வர் தட்டு ஒன்றின் ஓரத்தில், உள்ளங்கை மேலே பார்த்தபடி, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் போல அது கிடந்தது. என் மாமனாரின் வலது கை. ஜன்னலுக்கு வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. மழை என்றும் சொல்ல முடியாது, வெயில் என்றும் சொல்ல முடியாது. குற்றாலத்து மலையிலிருந்து காற்று தூக்கிக்கொண்டு வந்து தென்காசித் தெருக்களில் தெளித்துவிட்டுப் போகிற ஈரம் அது. தட்டில் நான் கொட்டி வைத்திருந்த ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகளின் மேல் அந்தச் சாம்பல் வெளிச்சம் பட்டு, எல்லாம் தண்ணீருக்கு அடியில் கிடப்பவை போலத் தெரிந்தன. அவற்றில் ஒன்றை எடுத்துப் பக்கத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கை அவரைப் பார்க்கவில்லை.

அவர் தனியார் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். செங்கோட்டை, தென்காசி, குற்றாலம் என்று ஒரே சாலையில் வாழ்நாளைப் போக்கியவர். கூட்டத்தில் நின்றுகொண்டே, வெளியே பார்த்துக்கொண்டே, தோல் பைக்குள் விரலை விட்டு வேண்டிய சில்லறையை வேண்டியபடி எடுப்பார் என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். நான் அதைப் பார்த்ததில்லை. நான் அந்த வீட்டுக்கு வந்தபோது அவர் வேலையை விட்டிருந்தார். எங்கள் கல்யாணம் அவர் பார்த்து வைத்தது அல்ல. அதை அவர் சண்டையாகச் சொல்லவில்லை. பேசாமல் இருந்தே சொன்னார். என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என் கணவரிடம் சொல்வார். மகள் பிறந்து வளர்ந்தபின் அவளிடம் சொல்வார். "காப்பி போதும்னு உங்க அம்மாகிட்டச் சொல்லு." நான் ஒரு கை நீட்டும் தூரத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன். மாமியார் காலமான பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை. அதற்குப் பழகிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

பக்கவாதம் வந்தது ஓர் ஆனி மாதக் காலையில். வலது கையும் காலும் போயின. பேச்சு குழறிப்போனது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு காலை மெல்ல மெல்ல ஊன்றினார். கைதான் வரவில்லை. கணவருக்குத் திருநெல்வேலியில் வேலை; விடியுமுன் கிளம்பி இருட்டிய பிறகு வருவார். நான் மாலையில் மட்டும் மருந்துக்கடை வேலைக்குப் போகிறவள். ஆக, காலைப் பொழுது முழுக்க அந்த வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். பேசாத இருவர். பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பிசியோ டாக்டரம்மா சின்னப் பெண், கலகலப்பானவள். "பயறு, பட்டன், காசு, எதையாவது தட்டுல போட்டுப் பொறுக்கச் சொல்லுங்கக்கா. தினமும் செய்யணும்" என்றாள். நான் முதலில் மொச்சைப் பயறு வைத்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் கடைக் கல்லாவிலிருந்து நோட்டுக் கொடுத்துச் சில்லறை வாங்கி வந்து வைத்தேன்.

காசு வைத்ததுதான் தப்பாகப் போயிற்று என்று அன்றைக்குத் தோன்றியது. பயறென்றால் தோற்றாலும் பரவாயில்லை. காசிடம் தோற்க அவரால் முடியவில்லை. விரல்கள் ஒரு ரூபாயின் மேல் போய் நின்றன. வழவழப்பான வட்டம் தட்டோடு ஒட்டிக்கொண்டு அங்கும் இங்கும் வழுக்கியது. மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். நாலாம் நாள் இடது கையால் தட்டை ஒரே தள்ளு தள்ளினார். காசுகள் வீடெல்லாம் உருண்டன. ஒவ்வொன்றும் சுழன்று சுழன்று அடங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அவர் சுவரைப் பார்த்து அழுதார். நான் பார்க்காததுபோல விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு குனிந்தேன்.

பீரோவுக்கு அடியில் பெருக்கியபோது எங்கள் காசுகளோடு வேறொன்றும் வந்தது. தூசியும் எண்ணெய்ப் பிசுக்குமாய்க் கறுத்துப்போன, எடையே இல்லாத ஒரு பழைய பத்துப் பைசா. எப்போது விழுந்து எத்தனை காலம் அங்கே கிடந்ததோ. எல்லாவற்றையும் சேர்த்துக் கழுவித் துடைத்து, மறுநாள் காலையில் தட்டில் வைத்தேன். வேண்டுமென்று வைத்ததல்ல, பொறுக்கி எடுத்துத் தனியே போடச் சோம்பல். அவர் விரல்கள் வழக்கம்போல வழுக்கி வழுக்கிப் போய் அதன் மேல் நின்றன. அந்தக் காசின் ஓரம் பூவிதழ் போல வளைந்து வளைந்து இருக்கும். கட்டைவிரல் ஒரு வளைவிலும் ஆள்காட்டி விரல் எதிர் வளைவிலும் போய் உட்கார்ந்தன. காசு தட்டைவிட்டு எழும்பியது. கிண்ணத்துக்குப் போகவில்லை. அவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்து, "இது" என்றார்.

நடுவில் யாரும் இல்லாமல் அவர் என்னிடம் சொன்ன முதல் சொல் அது. "பத்துப் பைசா, மாமா" என்றேன்.

"இன்னும்" என்றார்.

காசு சேர்ப்பது பள்ளிப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு, இல்லையென்றால் வசதி உள்ளவர்களின் ஆசை என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அறுபதுக்கு மேல் ஒருவர், முனை இருந்தால்தான் விரலில் நிற்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தொடங்குவார் என்று யார் நினைப்பார்கள்? ஆனால் அப்படித்தான் தொடங்கியது. கடைக்கு மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் பழைய காசு இருந்தால் கொண்டுவரும்படி கேட்டேன். ஆச்சரியமாக, எல்லார் வீட்டிலும் இருந்தது. சதுரமான ஐந்து பைசா வந்தது. அறுகோண இருபது பைசா வந்தது. பதினொரு பக்கம் உள்ள பழைய இரண்டு ரூபாய், கைநிறைய வந்தது. கொடுத்தவர்களுக்குக் காசின் மதிப்புக்கு மேலாகவே கொடுக்கப் போனால் சிரித்துக்கொண்டு மறுத்தார்கள். ஒரு அம்மாள் தாமரை போட்ட பித்தளை இருபது பைசாவைக் கொண்டுவந்து தந்தாள். அது வட்டம்தான். ஆனாலும் மாமா அதை விடவில்லை. தட்டில் மஞ்சளாக அது ஒன்று மட்டும் மின்னிக்கொண்டிருக்க, ஒரு காலைப்பொழுது முழுவதும் துரத்தினார். பிடித்தும்விட்டார்.

பிடித்த காசைக் கிண்ணத்தில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பார். கண் பாதி மூடியிருக்கும். வெளியே சாரல் ஓய்ந்து மலையின் மேல் புகைபோல மேகம் இறங்கிக்கொண்டிருக்கும். அந்த அமைதியில் திடீரென்று ஒரு சொல் வரும். "எலஞ்சி." சற்றுப் பொறுத்து, "மல்லிப்பூ." இன்னும் சற்றுப் பொறுத்து, "கூடை." இலஞ்சி நிறுத்தத்தில் பூக்கூடையோடு ஏறிய யாரோ ஒருத்தி இந்தக் காசைக் கொடுத்திருக்கிறாள் என்று நான் ஒட்டிப் புரிந்துகொள்வேன். அவளேதானா, இந்தக் காசேதானா என்று கேட்க முடியாது. அவருக்கும் அது தெரிந்திருக்கும். "எங்கிட்ட... வந்திருக்கும்லா?" என்று ஒருநாள் கேட்டார். அந்தச் சாலையில் புழங்கிய காசெல்லாம் ஏதாவது ஒருநாள் அவர் பைக்குள் விழுந்துதானே போயிருக்க வேண்டும். "வந்திருக்கும் மாமா" என்றேன். அத்தனை வருஷம் அத்தனை காசைத் தொட்டவர் ஒன்றைக்கூட அப்போது பார்த்ததில்லை. பார்க்க நேரம் இருந்ததில்லை. இப்போது ஒரு காசுக்கு ஒரு காலைப்பொழுதைக் கொடுத்தார். அந்த அறையில் அவரோடு உட்கார்ந்திருக்கும்போது, நாங்கள் இருவரும் ஒரு பேருந்தில் மெதுவாகப் போய்க்கொண்டிருப்பதாகவும், மூடுபனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக ஏறி இறங்குவதாகவும் எனக்குத் தோன்றும்.

ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகள் தொடங்கியது வேறு வழியில். தாத்தாவின் பேச்சு குழறியதில் அவளுக்குப் பயம். பக்கத்தில் வரவே மாட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், "தாத்தா, இந்த ரெண்டும் ஒண்ணு இல்ல. இதுல வருஷத்துக்குக் கீழ புள்ளி இருக்கு, அதுல டைமண்ட் இருக்கு" என்றாள். அவர் கண்ணுக்கு அது தெரியவில்லை. அவள் செல்போனில் தேடி, எந்த ஊர் அச்சுச்சாலையில் அடித்தது என்பதற்கு அந்தக் குறி என்று கண்டுபிடித்தாள். நட்சத்திரம் ஹைதராபாத், டைமண்ட் மும்பை, புள்ளி நொய்டா, ஒன்றும் இல்லாவிட்டால் கல்கத்தா. அதன்பின் அவள் கண்ணும் அவர் விரலும் கூட்டுச் சேர்ந்தன. மாத்திரை வைக்கிற, கிழமை போட்ட பிளாஸ்டிக் பெட்டிகளைக் கடையிலிருந்து கொண்டுவந்தேன். காசுகள் ஞாயிறிலும் திங்களிலும் செவ்வாயிலும் போய் உட்கார்ந்தன.

கடையநல்லூரிலிருந்து சர்க்கரை மாத்திரை வாங்க வரும் ஒரு பாய் இருந்தார். சீசனில் ஐந்தருவியில் துண்டும் சோப்பும் எண்ணெயும் விற்கிற கடை போடுவார். அதற்கு முன் துபாயில் நெடுங்காலம் டிரைவர். நான் காசு கேட்பதைக் கேட்டுவிட்டு, "எங்கிட்ட ஒரு டப்பா கெடக்கு தாயி. உங்க மாமாவ ஐந்தருவிக்குக் கூட்டிட்டு வாங்க. அருவியும் பாத்த மாதிரி இருக்கும்" என்றார். மாமாவிடம் சொன்னேன். வேண்டாமென்று தலையசைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மாட்டிவிடச் சொல்லிச் சட்டையைக் காட்டினார். ஆட்டோ கூப்பிடவா என்றதற்கு மட்டும் தலையசைத்தார். "பஸ்" என்றார்.

டவுன் பஸ்ஸில் எனக்கு இலவச டிக்கெட். அவருக்கு மட்டும் எடுக்க வேண்டும். நோட்டை இடது கையால் நீட்டியவர், மீதியை வாங்க வலது கையை முட்டியிலிருந்து தூக்கினார். அது நடுங்கிக்கொண்டு மேலே வந்தது. இளவயதுக் கண்டக்டர்; அவருக்கு ஒன்றும் தெரியாது. போகிற போக்கில் சில்லறையை அந்தக் கையில் போட்டுவிட்டு நகர்ந்தார். விரல்கள் மடங்கின. இரண்டு காசு உள்ளே நின்றது. ஒன்று நழுவித் தரையில் விழுந்து, பேருந்து மேலகரம் வளைவில் திரும்ப, வாசலை நோக்கி உருண்டது.

"ஏட்டி, புடி! படிக்கட்டுப் பக்கம் போவுது பாரு!"

பேருந்தே திரும்பிப் பார்த்தது. நான் எழுந்து ஓடி, படியின் விளிம்பில் அதைக் காலால் மிதித்து நிறுத்தினேன். குனிந்து எடுத்துக்கொண்டு திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. மாமா சொன்னது முழு வாக்கியம். குழறாமல். அதுவும் என்னை, பெற்ற மகளைக் கூப்பிடுவதுபோல, ஏட்டி என்று. அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். காசை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். ஆனால் அவர் பக்கத்தில் உட்காரச் சொல்லி இருக்கையைத் தட்டினார். ஐந்தருவி வரும்வரை நாங்கள் ஒன்றும் பேசவில்லை. அது பழைய பேசாமை இல்லை.

சாரலில் கடைகளெல்லாம் நனைந்திருக்க, அருவியின் இரைச்சல் கேட்டுக்கொண்டேயிருந்தது. பாய் பலகையைத் துடைத்து எங்களை உட்கார வைத்து, பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்தார். "நான் சேக்கணும்னு சேக்கல அண்ணாச்சி. ஊருக்கு வரும்போது பணம் மாத்துறவன் நோட்டைத்தான் மாத்துவான். சில்லறைய எவனும் வாங்க மாட்டான். இருபத்துநாலு வயசுல மொதல் தடவை வந்தப்போ பாக்கெட்ல கெடந்தது இதெல்லாம். தூரப் போட மனசு வரல. பொறவு ஒவ்வொரு தடவையும் அப்படியே போட்டுப் போட்டு..." என்று சிரித்தார். காப்பிக் கெண்டி படம் போட்ட துபாய் திர்ஹாம் காசுகள். அரைத் திர்ஹாமான, ஏழு பக்கம் உள்ள ஐம்பது ஃபில்ஸ்கள். மாமா ஏழு பக்கக் காசு ஒன்றை வலது கையால் எடுத்தார். ஒரே முயற்சியில் வந்தது. "உங்களுக்குத்தான்" என்றார் பாய். மாமா தன் சட்டைப் பையிலிருந்து, கொண்டுவந்திருந்த அறுகோண இருபது பைசாவை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். பாய் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ரெண்டு குடுத்தா அப்ப தேன்மிட்டாய் கெடைக்கும், என்ன அண்ணாச்சி?" என்றார். இரண்டு பேரும் அருவியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். காற்று திரும்பும்போதெல்லாம் அருவியின் துளிகள் வந்து அவர்கள் முகத்தில் விழுந்தன. யாரும் துடைத்துக்கொள்ளவில்லை.

அதன்பின் மூன்று வருஷம் போல இருந்தார். கை முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் சாப்பாட்டைத் தானே பிசைந்து சாப்பிட்டார். என்னை ஏட்டி என்றுதான் கூப்பிட்டார். மகளிடம் என்னைப் பற்றிப் புகார் சொல்லக்கூடத் தொடங்கியிருந்தார். போன வருஷம், ஆடி முடிகிற சமயத்தில், தூக்கத்திலேயே போய்விட்டார்.

குளிப்பாட்டி முடித்ததும் சொந்தத்தில் ஒரு பெரியம்மா என்னிடம் வந்து, "நெத்தியில வைக்க ஒரு ரூவா எடுத்துட்டு வாம்மா" என்றாள். நான் உள்ளே போனபோது மகள் மாத்திரைப் பெட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். "இதுல எதைம்மா?" என்றாள். ஒவ்வொன்றின் மேலும் கை போனது. ஒவ்வொன்றையும் அவர் எவ்வளவு பாடுபட்டுத் தூக்கினார் என்பது எனக்குத் தெரியும். எடுக்க முடியவில்லை. என் கைப்பையைத் திறந்து, முந்தின நாள் கடையில் வாங்கிய சில்லறையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்தேன். அவள் அதைக் கையில் வாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வருஷத்துக்குக் கீழே பார்த்தாள்.

"இது தாத்தாகிட்ட இல்லம்மா" என்றாள்.

அதைத்தான் சந்தனம் தொட்டு வைத்தோம்.

சுடுகாட்டில் அந்தக் காசை எடுத்துவிடுவார்கள். எடுத்தவர் டீக்கடையில் கொடுத்திருப்பார். டீக்கடையிலிருந்து யாரோ ஒருவர் சட்டைப்பைக்கு, அங்கிருந்து ஒரு கண்டக்டர் பைக்கு, இலஞ்சிக்கோ செங்கோட்டைக்கோ. சாரல் காலத்தில் கடையில் ஆளில்லாத நேரங்களில் அது இந்த மலையடிவாரத்தில் எங்கெங்கே போய்க்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நாற்பத்தாறு வயதில் எனக்கும் இந்தப் பழக்கம் வந்துவிட்டது. யார் சில்லறை நீட்டினாலும் கல்லாவில் போடுமுன் ஒருமுறை திருப்பி, வருஷத்துக்குக் கீழே பார்க்கிறேன். நேற்று ஒரு பெரியவர் நான் பார்ப்பதைக் கண்டு முகத்தைச் சுருக்கினார்.

"என்னம்மா, செல்லாத காசா?"

"இல்ல அண்ணாச்சி" என்றேன். "செல்லும். எங்க வேணும்னாலும் செல்லும்."