மொட்டைத் தலைக்கு விசா இல்லை

பண்டமாரான் பக்கிரிசாமி தலை சீவிக்கொண்டு வாசலில் வந்து நின்றால், மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்துக்கு வரும் கப்பலெல்லாம் அவர் முடியைப் பார்த்துத்தான் திசை பிடிக்கும். சரி, கப்பல் என்றது கொஞ்சம் கூடுதல். மீன்பிடிச் சம்பான் படகு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முடி முடிதான். அதில் ஓர் இழையைக்கூடக் குறைத்துச் சொல்வதற்கில்லை. நெற்றிக்கு மேலே ஓர் அலை, அந்த அலை மேல் இன்னோர் அலை, காதோரம் கத்தி போல இறங்கும் கிருதா, எல்லாவற்றுக்கும் காவல் நிற்பது போல ஒரு மீசை. துறைமுகத்தில் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டிய காலமெல்லாம் அவரை ஹெல்மெட் போட வைக்கப் பார்த்து எத்தனையோ ஓவர்சியர்கள் தோற்றுப்போனார்கள்.

அந்த முடியோடு குடும்பம் நடத்தியவள் அவர் மனைவி புஷ்பவல்லி. அவள் கொண்டையும் லேசுப்பட்டதல்ல. கோயில் திருவிழாவில் அவள் முன்னே உட்கார்ந்தால் பின்னே இருப்பவர்களுக்குச் சாமி தெரியாது. அந்தக் கொண்டையில் பாதி சவுரி என்பது அவளுக்கும், கிள்ளான் பாசாரில் அந்த ஒட்டுமுடியை விற்ற கிழவிக்கும் மட்டும்தான் தெரியும். கிழவி போய்ச் சேர்ந்து வெகுநாளாயிற்று. புருஷனுக்குக்கூடத் தெரியாது என்று புஷ்பவல்லி நம்பினாள். குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் கொண்டை போடுவாள்.

இப்படி இருந்த வீட்டுக்கு எண்பத்தாறாம் வருஷம் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் நர்ஸாக இருக்கும் மகள் தனலெட்சுமி பேசினாள்.

"அம்மா, முழுகாம இருக்கேன். இவருக்குச் சுரங்கத்துல வேலை, மாசத்துல பாதி நாள் வீட்டுல இல்ல. நீ வந்துடும்மா. தனியா பயமா இருக்கு."

தலைப்பிரசவம். தாய் பக்கத்தில் இல்லாமல் எப்படி? ஆனால் புஷ்பவல்லி கிள்ளானைத் தாண்டி ஒற்றையாகப் போனவளில்லை. இங்கிலீஷில் அவளுக்குத் தெரிந்தது 'தேங்க்யூ' மட்டும். போனால் புருஷனோடு போகணும், இல்லாவிட்டால் போக முடியாது. ஆக, இரண்டு பேருக்கும் விசா வேண்டும்.

"அது என்ன பெரிய விசயம்?" என்றார் பக்கிரிசாமி. "டிக்கெட் எடுத்தா ஏத்திக்கிட்டுப் போறான்."

அந்த வாயை அடைக்கக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மாடியில், விசா எழுதிக் கொடுக்கும் விஜயன் இருந்தான். அவன் மேசை முன்னால் உட்கார்ந்தாலே கீழேயிருந்து வரும் மீன்குழம்பு வாசனையில் பாதி விண்ணப்பக்காரர்கள் கேட்க வந்ததை மறந்துவிடுவார்கள்.

"அங்கிள், இந்தப் போட்டோ செல்லாது லா."

"ஏன்? நான்தானே?"

"நீங்கதான். ஆனா முடி கட்டத்துக்கு வெளியே போயிருச்சு. தலை முழுசும் உள்ள இருக்கணும்னு ரூல்."

ஸ்டூடியோக்காரன் கேமராவைப் பின்னுக்குத் தள்ளி இன்னொன்று எடுத்தான். அதில் முடி அடங்கிற்று. முகம் புளியங்கொட்டை அளவாயிற்று. அதுவும் செல்லாது. மூன்றாவதற்குப் போகும்போது புஷ்பவல்லி கெஞ்சினாள். "என்னங்க, கொஞ்சம் தண்ணி தொட்டுப் படிய வாருங்க."

"எதுக்கு? நாளைக்கு அங்க எறங்குறப்ப இது யாருன்னு கேக்கறதுக்கா? நிஜத்துல எப்படியோ போட்டோவுலயும் அப்படித்தான் இருக்கணும்."

இந்த வார்த்தையை அவள் பிறகு எத்தனை தரம் நினைத்துக்கொண்டாளோ.

முடி குறையாமலே மூன்றாவது போட்டோ தேறிற்று. அடுத்தது கல்யாணச் சான்றிதழ். தெலுக் பங்லிமா காராங் பக்கம் ஓர் எஸ்டேட்டு மாரியம்மன் கோயிலில் நடந்த கல்யாணம் அது. மேளம் இருந்தது, பந்தி இருந்தது, பதிவு மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் யார் பதிந்தார்கள்?

"அப்ப நீங்க புருஷன் பொண்டாட்டின்னு எப்படி நம்புவாங்க, ஆன்டி?"

புஷ்பவல்லி தாலியை வெளியே இழுத்து அவன் முன்னால் பிடித்தாள். "இது என்ன, நாய்ச் சங்கிலியா?"

"எனக்குத் தெரியுது. வெள்ளைக்காரனுக்குத் தெரியணுமே!"

சத்தியப் பிரமாணம் எழுத ஒரு சாட்சி வேண்டும். கல்யாணத்துக்கு வந்தவர்களில் உயிரோடு கிடைத்தவர் நாகையா ஒருவர்தான். அவரோ பிரமாணம் வாங்கும் ஆணையர் முன்னால் நின்று, "கல்யாணம் நடந்துச்சுங்க, ஆனா எனக்குப் பாயசம் வரல" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். ஆணையர் பாயசத்தை விட்டுவிட்டு மற்றதை எழுதிக்கொண்டார்.

இதற்குள் புஷ்பவல்லிக்கு வெறுத்துவிட்டது. பிள்ளை பெறுகிறவளுக்கு ஒரு வலி. அவளைப் பார்க்கப் போகிறவளுக்கு இத்தனை வலியா? மகளுக்கென்று இடித்து வைத்த பிரசவ மருந்துப் பொடியையும் கொண்டுபோகக் கூடாது என்று விஜயன் சொன்னபோது, "ஏன்டா, அந்த ஊருக்குள்ள காத்தாவது போகுதா, இல்ல அதுக்கும் விசா கேக்கறானா?" என்று கத்தியே விட்டாள்.

கடைசியில் தூதரகத்தில் நேர்காணல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர், பக்கத்தில் தமிழில் சொல்ல உள்ளூர்ப் பெண்ணொருத்தி.

"வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டீர்கள். மகள் அங்கே இருக்கிறாள். நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்கிறார்."

வீடு இருக்கிறது, கோயில் கமிட்டி இருக்கிறது என்று சொல்ல விஜயன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். பக்கிரிசாமி எல்லாவற்றையும் மறந்துவிட்டு, முடியை ஒரு தரம் தடவிக்கொண்டு சொன்னார்: "எனக்கு முடிவெட்டுறவன் பண்டமாரான்லதான் இருக்கான். வேற யாரையும் இதுல கைவைக்க விடமாட்டேன். வராம எங்க போவேன்?"

அந்தப் பெண் மொழிபெயர்த்தாள். வெள்ளைக்காரர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "பிறகு தெரிவிக்கிறோம்" என்றார்.

போயிற்று, எல்லாம் போயிற்று என்று முடிவு கட்டிவிட்டாள் புஷ்பவல்லி. வாசலுக்கு வந்ததும் பத்துமலை இருக்கும் திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்துக் கும்பிட்டாள். முருகா, விசாவைக் கொடுத்துவிடு, முடி காணிக்கை தருகிறேன். வேண்டிய பிறகுதான் உறைத்தது, யார் முடி? தன் கொண்டையில் பாதி கள்ளமுடி. சாமியை ஏமாற்றலாமா? பக்கத்தில் புருஷன் நின்றார், கறுகறுவென்று, அலை அலையாய், ஒரு மயிர்கூடப் பொய்யில்லாமல்.

"இவரு முடி, முருகா" என்று திருத்தி வேண்டிக்கொண்டாள்.

விசா வந்துவிட்டது.

"நீ யாருடி என் தலையை ஏலம் விடறதுக்கு?" பக்கிரிசாமி வீடதிரக் கத்தினார். "உன் முடியைக் குடுக்கறதுதானே?"

அவள் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "சாமிகிட்டச் சொன்னது சொன்னதுதான்."

"திரும்பி வந்து போட்டுக்கறேன்."

"கடனை வச்சுக்கிட்டுக் கடல் தாண்டினா, அங்க எம்மகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

மகள் என்றால் அவர் உருகிவிடுவார். அவளுக்கு அது தெரியும். பத்துமலையில் முடி விழுந்தது. மழித்த தலைக்கு மீசை எதற்கென்று நாவிதர் அதையும் எடுத்துவிட்டார். சந்தனம் பூசிக்கொண்டு எழுந்த மனிதரைப் பார்த்தபோது புஷ்பவல்லிக்கே ஒரு கணம் யாரோ மாதிரி இருந்தது.

சுபாங் விமான நிலையத்தில் மலாய் அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், சிரித்தார். "பொத்தாக்! மொட்டையா, அண்ணே? பத்துமலையா?" என்று அழகான தமிழில் கேட்டுவிட்டு முத்திரை குத்தினார். மொட்டைத் தலைக்கு அர்த்தம் தெரிந்த ஊர்.

பெர்த்தில் அந்த அர்த்தத்தை யாருக்குச் சொல்வது? இளம் அதிகாரி போட்டோவையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். வரிசையிலிருந்து இருவரையும் ஒதுக்கி நிறுத்தினார். மூத்த அதிகாரி ஓர் அம்மாள் வந்தாள். மரியாதையாகத்தான் கேட்டாள், அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"மீ சேம் மேன்," என்றார் பக்கிரிசாமி, துறைமுகத்தில் கற்ற இங்கிலீஷில். "ஹேர், டெம்பிள். காட் டேக்."

"எதற்காக?"

"ஃபார் விசா."

அந்த அம்மாள் நிமிர்ந்தாள். எங்கள் அலுவலகத்தில் யாராவது விசா தருகிறேனென்று உங்கள் முடியைக் கேட்டார்களா, யார், பெயர் தெரியுமா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். விளக்க விளக்கச் சிக்கல் கூடிற்று. கடைசியில் அவள் வருத்தத்தோடு ஏதோ சொன்னாள்.

"என்னங்க சொல்றா?"

"நான் நானில்லையாம். நிரூபிக்கலேன்னா அடுத்த விமானத்துல திருப்பி அனுப்பிடுவாளாம்."

"அப்ப நானு?"

"நீ போகலாமாம். நீ மட்டும்."

புஷ்பவல்லி அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். இவரை விட்டுவிட்டா? பாஷை தெரியாத ஊரில், ஒற்றையாகவா? தூரத்தில் யாரோ வெளியே போக, தானாகத் திறந்த கதவுக்கு அப்பால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தனலெட்சுமியின் வயிறு தெரிந்தது. பிறகுதான் முகம். கதவு மூடிக்கொண்டது.

"படிய வாருங்கன்னு அன்னிக்கே சொன்னேனே! கேட்டீங்களா? நிஜத்துல எப்படியோ போட்டோவுல அப்படியாம்! இப்ப எங்க நிஜம்?"

"அடியே, முடியை வேண்டிக்கிட்டது நீ!"

"ஆமா, நான்தான்!" என்று கத்தினாள். கத்திக்கொண்டே கை பின்னந்தலைக்குப் போயிற்று. ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பல்லில் கடித்துக்கொண்டாள். கோயிலில் சாமியை மறைத்த கொண்டை அவிழ்ந்து, எலுமிச்சம்பழம் அளவுக்குச் சுருங்கிப்போயிற்று. வரிசையில் நின்ற அத்தனை ஜனமும் பார்த்தது. கையில் கறுப்பாகத் தொங்கிய சவுரியை உதறி அவர் தலைமேல் வைத்து, விரலால் ஓர் அலை, அதன் மேல் இன்னோர் அலை தள்ளி, காதோரம் கிருதாவுக்கு இழுத்துவிட்டு, மிச்ச நுனியை முறுக்கி மூக்குக்குக் கீழே பிடித்தாள்.

பக்கிரிசாமி துளிகூட ஆச்சரியப்படவில்லை. அவளுக்கு எட்டும்படித் தலையைக் குனிந்து கொடுத்தார். "ஊசியைப் பல்லுல கடிக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது, முழுங்கிடப் போற," என்றார்.

எத்தனை தடவையா? ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே! தாழிட்ட கதவுக்குப் பின்னால் நடந்தது இவருக்கு எப்படி... அதை யோசிக்க அப்போது நேரமில்லை.

அந்த அம்மாள் பாஸ்போர்ட்டை அவர் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள். பார்த்தாள். உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இளம் அதிகாரி முத்திரையை எடுத்துக் கொடுத்தார்.

"தேங்க்யூ," என்றாள் புஷ்பவல்லி, ஊசிகளுக்கு நடுவே.

பேத்தி அந்த வாரமே பிறந்தாள். பாட்டி பக்கத்தில் இருந்தாள்.

பண்டமாரான் திரும்பியதும் அக்கம்பக்கம் கூடிவிட்டது. எதிர்வீட்டுத் தங்கமணி கேட்டாள்: "மொட்டையோட எப்படிண்ணே உள்ள விட்டான்?"

பிரஷ் போல முளைத்திருந்த தலையைத் தடவிக்கொண்டு பக்கிரிசாமி ஆரம்பித்தார். மனைவியின் பெரிய கொண்டைப் பக்கம் அவர் கண் போகவே இல்லை. "அதுவா? பையில ஒரு கறுப்புத் துண்டு வச்சிருந்தேன். அதை எடுத்துத் தலையில இப்படிச் சுத்தினேன் பாரு, அசந்துபோயிட்டான். எழுந்து சல்யூட் அடிச்சான்!"

கோப்பித் தட்டோடு வந்த புஷ்பவல்லி வாசற்படியில் நின்றாள். தட்டைக் கீழே வைத்தாள்.

"துண்டுமில்ல, சல்யூட்டுமில்ல, தங்கமணி. அது என் சவுரி. மீசைக்குப் பத்தாம நான்தான் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."