மீன் செத்த பழி

எங்கள் வீட்டுத் தொட்டியில் மீன் செத்ததற்கெல்லாம் நான்தான் காரணம் என்று என் வீட்டுக்காரர் ஒரு மாதத்துக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் மட்டும் சொல்லியிருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவிடம், ரொட்டிக்காரரிடம், கோயிலில் பார்த்தவர்களிடம், என் நாத்தனாரிடம் என்று ஊர் பூராவும் சொன்னார். இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் தணியவில்லை. தணிய வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. கோலசிலாங்கூர் டவுனில் வாடகை வீடு. அவருக்கு ரவாங்கில் தொழிற்சாலை வேலை. கூட வேலை செய்த சீனர் ஒருவர் வீடு மாறும்போது தன்னுடைய கடல்மீன் தொட்டியை இவர் தலையில் கட்டிவிட்டார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் நாலு, மஞ்சள் மீன் இரண்டு, உள்ளங்கை அகலத்தில் நீல மீன் ஒன்று. காலையில் எழுந்ததும் சாமி படத்தில் விழித்துக்கொண்டிருந்த மனுஷன் அந்த நீல மீனில் விழிக்க ஆரம்பித்தார்.

கடல்மீனுக்குக் கடல்தண்ணீர் வேண்டும். எங்கள் ஊரிலும் கடல் இருக்கிறது, ஆனால் ஆற்றுச் சேறு கலந்து தேத்தண்ணி நிறத்தில் கிடக்கும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அவருக்கு லீவு விழும் வெள்ளிக்கிழமையில், அந்தச் சீனரின் வேனில் போர்ட்டிக்சன் கடற்கரை வரை போய்த் தெளிந்த தண்ணீரைப் பிளாஸ்டிக் கேன்களில் பிடித்து வருவார். தொட்டியில் கொஞ்சம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டு இதை மெதுவாக ஊற்றுவார். அந்தப் பக்குவத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்குக் காய்ச்சல் என்றால் ஒரு குவளை வெந்நீர் வைக்கத் தெரியாது.

நாலு மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு சனிக்கிழமை காலை இரண்டு ஆரஞ்சு மீன்கள் மணலில் சாய்ந்து கிடந்தன. வாயைத் திறந்து திறந்து மூடின. மத்தியானத்துக்குள் செத்துப்போயின. இரண்டு வாரம் கழித்து, அதுவும் சனிக்கிழமைதான், இன்னொன்று போனது.

“வெள்ளிக்கிழமையானா வீடு பூரா சாம்பிராணி போடுறே இல்ல? அந்தப் பொகைய காத்து மோட்டார் இழுத்துத் தண்ணிக்குள்ள விடுது லா. மீனு மூச்சு முட்டிச் சாவுது,” என்றார்.

மோட்டார் சாமி மேடைக்குக் கீழேதான் இருந்தது. ஒருவேளை இருக்குமோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறாமல் சாம்பிராணி போட்டவள், அடுத்த தடவை அவர் தண்ணீர் கொண்டுவந்த வெள்ளிக்கிழமை போடாமல் இருந்தேன். ஊதுபத்திகூடக் கொளுத்தவில்லை. சனிக்கிழமை காலை மஞ்சள் மீன் இரண்டும் மிதந்தன.

“இப்ப என்னா சொல்றீங்க?” என்று கேட்டேன்.

“நீ தொட்டிய தொடச்சிருப்பே. ஒன் கைராசி அப்படி.”

கைராசி. எனக்கு இரண்டு தடவை கரு தங்காமல் போயிருந்தது. அது அவருக்குத் தெரியாதா? தெரிந்தே சொன்ன வார்த்தை அது. அன்றைக்கு நான் சமைக்கவில்லை. பழி என் மேல் இல்லை என்று காட்டாமல் விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

உட்கார்ந்து யோசித்தேன். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள், ஆனால் மூளையை அங்கேயே விட்டுவிட்டு வரவில்லை. முதல் நாலு மாதமும் இதே சாம்பிராணிதான், இதே கைதான். அப்போது சாகாத மீன் இப்போது ஏன் சாகிறது? எது மாறியது? கேன் மாறியது. சீனர் கொடுத்த பழைய கேன்கள் விரிசல் விட்டதால் என் அப்பா நாலு வெள்ளைக் கேன் கொடுத்திருந்தார்.

அப்பா ஈஜோக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் புல்லைக் கருக்கும் மருந்து அடிப்பவர். இருபது வருஷமாக முதுகில் மருந்து டாங்கியைச் சுமந்தவர். தோட்டத்தில் காலி மருந்து கேன் என்றால் கிடைப்பதற்கரிய பொருள். கனத்த பிளாஸ்டிக், இறுக்கமான மூடி, கீழே போட்டாலும் உடையாது. ஸ்டோர் கணக்குப் பார்க்கும் கிராணி தனக்கு வேண்டியவர்களுக்குத்தான் கொடுப்பார். சோப்புத் தூளும் மணலும் போட்டு மூன்று தடவை அலசி வெயிலில் காயவைத்தால் சுத்தம் என்பது தொழிலாளர் லயத்துக் கணக்கு. நான் பிறந்த வீட்டில் அதில்தான் குடிதண்ணீர் இருந்தது. அதனால்தான் அதுவரை கேனைச் சந்தேகப்படவே எனக்குத் தோன்றவில்லை.

அவர் வேலைக்குப் போன ஒரு நாள் மழைத்தண்ணீரை அந்தக் கேன் ஒன்றில் நிரப்பினேன். இன்னொரு பங்கைச் சமையலறை வாளியில் வைத்தேன். மறுநாள் இரண்டையும் இரண்டு பேசினில் ஊற்றி, பின்பக்கக் கால்வாயில் பிடித்த பொடிமீன்களை ஐந்தைந்தாக விட்டேன். மத்தியானம் வாளித்தண்ணீர் மீன்கள் ஓடி விளையாடின. கேன் தண்ணீர் மீன்கள் ஐந்தும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. கத்தியை எடுத்துக் கேனின் கைப்பிடியை அறுத்தேன். உள்ளே குழாய் மாதிரி வெற்றிடம். அலசும் மணல் அங்கே போகாது. அந்தச் சந்தில் புல் மருந்தின் நீலக் கறை கெட்டியாக ஒட்டியிருந்தது.

முதலில் எனக்குச் சந்தோஷம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று துள்ளினேன். அப்புறம்தான் ஈஜோக்கில் அம்மா அடுப்படியில் வைத்திருக்கும் கேன் ஞாபகம் வந்தது. 

அவர் வந்ததும் இரண்டு பேசினையும் காட்டினேன். அறுத்த கைப்பிடியைக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப ஒங்கப்பா குடுத்த கேனுதான். நான் சொன்னேன்ல, ஒங்க வீட்டுக் கைன்னு,” என்றார்.

“எங்கம்மா அதுலதாங்க குடிக்கிற தண்ணி புடிச்சி வைக்குது.”

“ம்.” தொட்டிப் பக்கம் திரும்பினார். “மண்ணு பூரா மாத்தணுமா, இல்ல கழுவுனா போதுமா?”

அந்தத் தொட்டியைக் கவிழ்த்து உடைத்திருப்பேன். நீல மீன் இன்னும் உயிரோடு இருந்ததால் விட்டேன். அது என்ன பாவம் செய்தது?

மறுநாள் முதல் பஸ்ஸில் ஈஜோக் போனேன். அப்பா வேலை முடிந்து வந்ததும், அவர் கண் முன்னாலேயே வீட்டிலிருந்த மூன்று கேன்களையும் பாராங் கத்தியால் வெட்டினேன். தண்ணீர் வாசலெல்லாம் ஓடியது. அப்பா என்னைப் பைத்தியக்காரி என்றார்.

“இருவது வருசமா குடிக்கிறோம். செத்தா போயிட்டோம்?”

“அம்மாவுக்கு எத்தன வருசமா வயித்து வலி? தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் குடுக்குற வெள்ள மாத்திரையில நின்னுச்சா?” என்று கத்தினேன். கிராணியைத் திட்டினேன், டிரஸ்ஸரைத் திட்டினேன். தன் பங்களாத் தண்ணீருக்குப் பளபளவென்று தனித் தொட்டி கட்டிக்கொண்ட மேனேஜரையும் திட்டினேன். வெட்டிய கைப்பிடிகளை அப்பா காலடியில் போட்டேன். ஒன்று சுத்தமாக இருந்தது. மற்ற இரண்டிலும் அதே நீலம்.

அப்பா குந்தி உட்கார்ந்து ஒன்றைக் கையில் எடுத்தார். நகத்தால் சுரண்டி முகர்ந்தார். இருபது வருஷமாக முகர்ந்த நாற்றம். அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“பக்கத்து வீட்டுக்குப் போன வாரந்தான் ரெண்டு குடுத்தேன்,” என்றார்.

பக்கத்து வீட்டில் மூன்று மாதக் கைக்குழந்தை. நான் எழுந்தேன். “நா போயி சொல்றேன். நீங்க குடுத்தீங்கன்னு பேச்செடுக்க மாட்டேன். கிராணி மேல போட்டுடுறேன்,” என்றேன். லயத்தில் அவருக்கு மரியாதை உண்டு. அது கெட்டுப்போகக்கூடாது என்று நினைத்தேன்.

 அப்பா சட்டைகூடப் போடாமல் முன்னால் நடந்தார். பக்கத்து வீட்டு வாசலில் நின்று, உள்ளே பால் புட்டி கழுவிக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டார்.

“அந்தத் தண்ணிய ஊத்திடும்மா. புள்ளைக்குக் குடுக்காத. வெஷம் ஒட்டியிருக்கு. நாந்தான் குடுத்தேன், என் தப்புதான்.”

அவ்வளவுதான். எழுத்து வாசனை இல்லாத அந்த மனுஷனுக்கு அதைச் சொல்ல அரை மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. டவுனில் ஒருத்தர் ஒரு மாதத்துக்கும் மேலாக ஊரெல்லாம் என் பேரைக் கெடுத்துவிட்டு, அந்த இரண்டு வார்த்தையை இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை.