மதிலுக்கு அந்தப் பக்கத்து நோய்

காப்பிக் கோப்பையைக் கையில் எடுத்ததும் மில்ஹெம் தன் மரங்களைப் பார்க்க மாட்டார். நேரே கல் மதிலுக்குப் போய், மேல் கல்லில் மோவாயை ஊன்றி, அந்தப் பக்கம் நிற்கும் வாக்கிமின் பைன் மரங்களைத்தான் முதலில் பார்ப்பார். எந்தக் கிளையில் காய் திரண்டிருக்கிறது, எது அணில் கடித்தது, எல்லாம் அத்துப்படி. அதற்குள் காப்பி ஆறிப்போகும். ஆறியதை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, "காய் பெருசுதான். உள்ள கொட்டை இருக்கணுமே" என்று சொல்லிவிட்டுத்தான் முகம் கழுவப் போவார்.

வாக்கிம் அவருடைய சித்தப்பா மகன். ஒரே காட்டை நடுவில் மதில் வைத்துப் பிரித்துக்கொண்டவர்கள். வாக்கிம் புது வீடு கட்டினால், "நல்ல வீடுதான். உள்ள நிம்மதி இருக்கணுமே" என்பார் மில்ஹெம். வாக்கிமின் அப்பா செத்தபோது சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்துகொண்டே என்னிடம், "எங்கப்பாவுக்கு இவ்வளவு மலர்வளையம் வரலையே" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. அது யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

ஒரு வருஷம் வாக்கிமுக்குப் பித்தப்பையில் கல் எடுத்தார்கள். அதைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினான். அந்த வாரமே மில்ஹெம் ஸஹ்லேக்கு பஸ் ஏறிப் போய் வயிற்றைப் படம் பிடித்துப் பார்த்தார். கல் இல்லை என்று டாக்டர் கைகொடுத்து வாழ்த்தியிருக்கிறார். மனுஷர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆள் குட்டை. வெயிலிலும் கம்பளித் தொப்பி. விரல் இடுக்கில் எப்போதும் பைன் பிசின் கறுத்துக் கிடக்கும். கைகொடுத்தால் நம் கையைச் சுலபத்தில் திருப்பித் தர மாட்டார். அது பிசின் மட்டும் செய்கிற வேலை இல்லை.

போன வசந்தத்தில் மழை விடவில்லை. மலையை மூடுபனி போர்த்தியபடியே கிடந்தது. கோடை வந்தபோது வாக்கிமின் மரங்களில் கீழ்க்கிளை இலைகள் சிவந்தன. ஊசி ஊசியான இலை ஒவ்வொன்றிலும் சிவப்பாக ஒரு பட்டை. அதற்கு மேலே நுனி செத்திருக்கும், அடி மட்டும் பச்சையாக இருக்கும். பிறகு கொட்ட ஆரம்பித்தது. பெய்ரூத்திலிருந்து விவசாய இலாகா எஞ்சினியரம்மா பூதக்கண்ணாடியோடு வந்து, பூஞ்சை என்றார். ஊரே வாக்கிமின் பால்கனியில் கூடிவிட்டது. அவன் மனைவி மஅமூல் பலகாரமும் காப்பியுமாக ஓடிக்கொண்டிருந்தாள். மதிலுக்கு இந்தப் பக்கம் மில்ஹெமின் தொப்பி மட்டும் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் பொறுக்க முடியாமல் கத்தினார்: "எல்லாரும் அங்கயே உக்காந்திருக்கீங்களே! எம்மரத்தை ஒருத்தராவது எட்டிப் பாத்தீங்களா? நோயின்னா அவனுக்குத்தான் வருமா?"

எஞ்சினியரம்மா மதிலைச் சுற்றிக்கொண்டு வந்தார். பத்துப் பதினைந்து கிளைகளைப் புரட்டிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"நசீஃப் அப்பா, வருத்தமா இருக்கு. உங்க மரத்துக்கும் வந்திருக்கு."

மில்ஹெமின் முகம் மலர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

"அவனோடதை விடக் கூடவா?"

"நோய் ஒண்ணுதான். ஆனா மதிலோரம் நிக்குதே இந்தப் பெரிய மரம், இதுலதான் ரொம்ப முத்திப் போயிருக்கு."

"கேட்டியாடா வாக்கிம்!"

"சந்தோஷப்படுற விஷயம் இல்லைங்க," என்றார் அந்த அம்மா. "கீழ்க்கிளையெல்லாம் வெட்டி, கொட்டின இலையையும் கூட்டிச் சேர்த்து எரிச்சிடணும். முதல் மழைக்கு முன்னாடி. மழைத்தண்ணி இலையில பட்டுத் தெறிக்கிற இடமெல்லாம் இது போகும். விட்டா மரம் மொட்டையாயிடும். அப்புறம் காய் எங்க பிடிக்கும்?"

அடுத்த வாரமே வாக்கிம் வெட்ட ஆரம்பித்தான். அதுதான் வினை. அவன் செய்ததை இவர் எப்படிச் செய்வார்?

"அவன் தும்முனா நானும் தும்மணுமா?" என்றார்.

"காய் இல்லாமப் போனா குளிர்காலத்துல என்னத்தை விக்கிறது மில்ஹெம்?" என்று அவர் மனைவி நஜ்லா கேட்டாள். "உன் வயித்தெரிச்சலையா? அதுக்குத்தான் இங்க விளைச்சல் ஜாஸ்தி."

எனக்கும் கவலைதான். என் ரொட்டி அடுப்பு அவர்கள் சரிவுக்குக் கீழே வளைவில் இருக்கிறது. அடுப்புக்குப் பின்னால் எனக்கும் கொஞ்சம் பைன் உண்டு. மேலே தெறிப்பது கீழேதான் வரும்.

வெட்ட மனம் வராததற்கு இன்னொரு காரணம் அந்தப் பெரிய மரம். அதன் கீழ்க்கிளைகள் மதிலைத் தாண்டிக் குடை பிடித்த மாதிரி விரிந்திருக்கும். வாக்கிம் தன் மகள் நிச்சயதார்த்தப் போட்டோவை அதன் நிழலில்தான் எடுத்தான். எடுத்துவிட்டு, "மில்ஹெம், இப்படி ஒரு மரம் எனக்கு அமையலையே" என்று பெருமூச்சு விட்டான். ஆயுளில் ஒரே ஒரு தடவை. அந்தப் பெருமூச்சை மில்ஹெம் இன்னும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

செப்டம்பரில் சிலுவைத் திருநாள் நெருங்கியது. அதற்கு முந்தின சாயங்காலம் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பாறை முனையில் தீ மூட்டுவோம். யார் தீ உயரம் என்று பள்ளத்தாக்குக்கு எதிரே இருக்கும் கஃப்ர் ஹாவாக்காரர்கள் பார்த்துச் சொல்வார்கள். அவர்கள் சொன்னால் சொன்னதுதான், ஒரு வருஷம் செல்லும். மில்ஹெம் வழக்கம்போல முள்செடி சேர்த்து இடுப்பளவு குவியல் போட்டிருந்தார்.

தீ மூட்டுவதற்கு முந்தின நாள் காலையில் ஸாத்தர் பொடி தடவின ரொட்டி வாங்க வந்தார். நான் சொன்னது இவ்வளவுதான்: "வெட்டின கிளையை முழுக்க வாக்கிம் பாறைக்கு ஏத்திட்டான் போல. குவியல் அவன் கூரைக்கு மேல நிக்குதே."

நீட்டின ரொட்டி என் கையிலேயே நின்றது. "கூரைக்கு மேலயா?"

"பிசின் கிளை வேற. பிடிச்சா நட்சத்திரத்துல போய் முட்டும்."

ரொட்டியை மறந்துவிட்டுப் போனார். அரை மணியில் மேலே ரம்பச் சத்தம் கேட்டது. எஞ்சினியரம்மாவாலும் நஜ்லாவாலும் முடியாதது நடந்துகொண்டிருந்தது. மில்ஹெம் ஏணியில், நஜ்லா ஏணிக்குக் கீழே. கிளை விழ விழ அவள் இழுத்துப் போட்டாள். உதிர்ந்த இலையைத் தார்ப்பாயில் கூட்டிக் கட்டி ஏற்றினாள். மறுநாள் மத்தியானத்துக்குள் எல்லா மரத்துக்கும் கணுக்கால் தெரிந்தது. குவியல் வாக்கிமின் குவியலுக்கு ஒரு முழம் தாழ்வு. பாக்கி நின்றது பெரிய மரம் மட்டும்.

அதற்குக் கீழே ரம்பத்தோடு நின்றார். நான் நஜ்லாவிடம் ரொட்டியைக் கொடுக்கிற சாக்கில் மேலே போயிருந்தேன். மேற்கே கடலுக்கு மேல் மேகம் கட்டியிருந்தது.

மதிலுக்கு மேலே வாக்கிமின் தலை வந்தது. "மில்ஹெம், அதை வெட்டப் போறியா?"

"உனக்கென்ன?"

"வெட்டித்தான் ஆகணும்னு தெரியும். இருந்தாலும் எனக்கே மனசு கேக்கலை."

மில்ஹெம் ரம்பத்தை இறக்கினார். "என்ன சொன்னே?"

"வலிக்குதுடான்னு சொன்னேன். இந்த நிழல் போயிடுமே."

"உனக்கா வலிக்குது?"

"ஆமாண்டா. எனக்குத்தான்."

"ரொம்பவா?"

"ரொம்ப."

மில்ஹெம் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஏணியில் ஏறினார். முதல் கிளை மதிலுக்கு அந்தப் பக்கம் தொப்பென்று விழுந்தது. வாக்கிம் அதைத் தூக்கி இந்தப் பக்கம் கொடுத்தான். "அது என்னோடது, ஒண்ணையும் எடுத்து வச்சுக்காதே!" என்று மேலேயிருந்து குரல் வந்தது. விழுந்த ஒவ்வொரு கிளையையும் வாக்கிம் தூக்கிக் கொடுத்தான். கடைசிக் கிளைக்கு அப்புறம் மரம் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்ட பெண் மாதிரி நின்றது. மில்ஹெம் கீழே இறங்கி அதைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் வாக்கிமை விட அவருக்கு அதிகமாக வலித்திருக்கும்.

சூரியன் விழுந்ததும் மதிலுக்கு இரண்டு பக்கமும் இருந்த இரண்டு குவியலும் பற்றிக்கொண்டன. தண்ணீர் வண்டியோடு நின்ற நகராட்சிக்காரன் பயந்து நான்கடி பின்னால் போனான். மில்ஹெம் தன் தீயைப் பார்க்கவில்லை. அவர் முகம் முழுக்க வாக்கிமின் தீ வெளிச்சம்.

மறுநாள் காலை கஃப்ர் ஹாவாவிலிருந்து ஓர் அம்மாள் ரொட்டி வாங்க வந்தாள். மில்ஹெம் அவளுக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தார்.

"எந்தத் தீ உசரம்?"

"அடேயப்பா, என்னமா எரிஞ்சுது! இந்த மாதிரி பாத்ததே இல்லை."

"எதும்மா?"

"எதுன்னா? உங்க மேட்டுல இருந்தது ஒண்ணுதானே."

"ஒண்ணா? யாரோடது?"

"அது எனக்கென்ன தெரியும்? பெருசா ஒண்ணு எரிஞ்சுது."

மில்ஹெம் மேலே நடந்தார். நானும் மாவுக் கையோடு பின்னால் போனேன். மழை ஒன்றிரண்டு துளி போட ஆரம்பித்திருந்தது. பாறை முனையில் தன் சாம்பலுக்குள் கைத்தடியைக் குத்தினார். தடியில் சாம்பல் தொட்ட உயரத்தில் கட்டை விரலை அழுத்திப் பிடித்தார். விரலை நகர்த்தாமல் மதிலைத் தாண்டிப் போய், வாக்கிமின் சாம்பலில் தடியை இறக்கினார்.