பட்டன் கியர் சைக்கிள்

அந்தச் சைக்கிளை மச்சான் என் கடைக்குக் கொண்டுவந்தபோது அவருடைய வலது கை மெலியத் தொடங்கியிருந்தது. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். போடியில் ஏலக்காய் வியாபாரம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சைக்கிளில் மலைமேல் போடிமெட்டுவரை ஏறிவிட்டு வருவார். வேறு கெட்ட பழக்கம், நல்ல பழக்கம் எதுவும் கிடையாது.

முதலில் விரல்கள்தான் போயின. கியர் லீவரைத் தள்ள வலுவில்லை. நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்துகொண்டு வருகின்றன, திருப்ப மருந்தில்லை என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். அதன்பிறகுதான் இதை எங்கோ தேடிப்பிடித்திருக்கிறார். கொடைக்கானலைவிட்டுக் கிளம்பிய ஒரு வெளிநாட்டுக்காரர் போட்டுவிட்டுப் போன பழைய ரேஸ் சைக்கிள். எலக்ட்ரானிக் கியர் வந்த புதிதில் செய்தது. ஹேண்டில்பாரில் கியரைக் கூட்ட ஒன்று, இறக்க ஒன்று என இரண்டு சின்ன பட்டன்கள், அவற்றிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு ஒயர். பட்டனைத் தொட்டால் உள்ளே ஒரு காந்தச் சுருள் இழுக்கும். மிதிக்கிற வேகத்திலேயே செயின் அடுத்த பல்சக்கரத்துக்கு ஏறிக்கொள்ளும்.

மச்சான் என் மேசையை ஆள்காட்டி விரலால் மெல்லத் தட்டிக் காட்டினார். "இம்புட்டுத் தெம்புதான் மாப்ளே மிச்சம். இந்தச் சைக்கிளுக்கு இது போதும். வெரசா ஓட வச்சுருங்க."

எனக்கு எலக்ட்ரானிக் தராசு பழுதுபார்க்கிற சோலி. பிரித்துப் பார்த்தேன். பாட்டரி கசிந்து உள்ளே பச்சை பூத்திருந்தது, ஒயர் இற்றுப்போயிருந்தது. உதிரிபாகம் எங்கு கேட்டும் கிடைக்கவில்லை. முடி மாதிரியான செம்புக் கம்பியில் சுருளை நானே சுற்றினேன். இரண்டு தடவை அறுந்தது. பட்டனுக்குத் தராசுப் பட்டனையே வைத்தேன். வேகம் காட்டும் சின்னத் திரை மட்டும் கடைசிவரை உயிர் பெறவில்லை.

மச்சான் தினமும் சாயங்காலம் வந்துவிடுவார். செயினை மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவியது அவர்தான். ஒருநாள் அவர் கையிலிருந்த ஸ்பேனர் தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார், விரல் மடங்கவில்லை. நான் எடுத்து மேசைமேல் வைத்தேன். அதற்குப் பிறகு அவர் எதையும் கையில் வாங்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சமதளமான ராசிங்காபுரம் ரோட்டில் மச்சான் ஓட்டிப் பார்த்தபோது சைக்கிள் நன்றாகவே ஓடியது. அந்தத் தைரியத்தில் அடுத்த வாரமே மலைக்குக் கிளம்பினோம். அவர் முன்னால், நான் மொபெட்டில் பின்னால். சில வளைவுகள் தாண்டியதும் மேகம் இறங்கித் தூறல் பிடித்தது. கியர் கனமானதிலேயே சிக்கிக்கொண்டது. அவர் எழுந்து நின்று மிதித்தார். சைக்கிள் ஆடி நின்றது, மொபெட்டைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"அமுக்கிக்கிட்டேதான் இருக்கேன் மாப்ளே. என் விரலு பத்தலையா, இல்ல அதுதான் கேக்கலையா?"

சீட்டைத் தோளில் தாங்கிப் பின்சக்கரத்தைத் தூக்கி, ஒரு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே அவர் விரல்மேல் என் விரலை வைத்து அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை.

"விரல்ல ஒன்னுமில்ல மச்சான். தண்ணி எறங்கிருச்சு, சைக்கிள்தான் மக்கர் பண்ணுது."

"அப்பச் சரி" என்றார். அந்த ஏமாற்றத்திலும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்கு முடியவில்லை. மேலேயிருந்து மூட்டை ஏற்றி வந்த ஜீப்பில் சைக்கிளையும் அவரையும் அனுப்பிவிட்டுப் பின்னாலேயே வந்தேன்.

ஒயரை உலர்த்தி, தண்ணீர் புகாதபடி பசை போட்டு அடைப்பதற்குள் அவருடைய கால்களும் விழுந்துவிட்டன. இருந்தாலும் சைக்கிளை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"இத எதுக்குத் தம்பி கொண்டாந்தீங்க? பாத்தா ஏங்கிப்போவாரு" என்றார் அக்கா, மச்சானின் மனைவி.

"உள்ள வரச் சொல்லு" என்று குழறலாக மச்சானின் குரல் வந்தது.

கட்டில் பக்கத்தில் சாக்கை விரித்துச் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தினேன். நான் பெடலைச் சுற்ற, அவருக்காக அக்கா பட்டனைத் தொட்டார். கியர் மாறியது. மச்சான் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏத்தம் வருது. எறக்கு." அக்கா தொட்டார். "இங்கன கொஞ்சம் சமம். கூட்டு."

அவர் மலை ஏறிக்கொண்டிருந்தார் என்பது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. அதன்பிறகு பல மத்தியானங்கள் அப்படிப் போயின. பேச்சு நின்றபின் இமையை அசைத்துச் சொன்னார். சில நாள் மெட்டுவரை போய்விடுவார், சில நாள் பாதியிலேயே தூங்கிவிடுவார். தூங்கியபிறகும் கொஞ்சநேரம் சுற்றிக்கொண்டிருப்பேன். நிறுத்தினால் விழித்துக்கொள்வாரோ என்று பயம்.

மழைக்காலத்தில் மச்சான் இறந்துபோனார். காரியம் முடிந்ததும் சைக்கிளை என்ன செய்வது என்று அக்காவிடம் கேட்டேன்.

"எடுத்துட்டுப் போயிருங்க தம்பி. அது அங்கன நிக்கவும், கட்டில்ல அவரு படுத்துருக்க மாதிரியே இருக்கு. காப்பி கலந்துட்டுப் போயி நிக்கிறேன்."

ஏறி ஓட்ட எனக்கு மனம் வரவில்லை. பஜார் வழியாக உருட்டிக்கொண்டே நடந்தேன்.